லேசர் கொஞ்சம் உதவும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு பேட்டரிக் கடை. அதன் மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு வரை அங்கே ஒரு ஈறு டாக்டர் இருந்தார். பல் டாக்டர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "பல்லு இல்லீங்க, பல்லு நிக்கிற இடம்" என்று திருத்துவார். வந்தவர் வலியில் துடித்துக்கொண்டிருந்தாலும் திருத்திவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த போர்டுதான். லேசர் மிஷின் வாங்கிய புதிதில் பிளெக்ஸ் அடிக்கிறவரிடம் ஒரு போர்டு சொல்லியிருக்கிறார். அவர் ஆர்வக்கோளாறில், 'ஈறு நோய்க்கு அதிநவீன லேசர் மூலம் வலியில்லா நிரந்தரத் தீர்வு' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பல் தெரியச் சிரிக்கிற படத்தையும் வைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். டாக்டரம்மா ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். மறுநாள் 'நிரந்தர' மேல் வெள்ளை ஸ்டிக்கர். அதற்கடுத்து 'வலியில்லா' மேல் ஒன்று. பிறகு யோசித்துப் பார்த்து 'அதி'யை மறைத்தார். 'தீர்வு' அவருக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்து, கடைசியில் அதன் மேல் 'சிகிச்சை' என்று எழுதி ஒட்டினார்.

"டாக்டர், நான் எழுதினதுல உங்க பேரும் போன் நம்பரும்தான் மிச்சம். அதையும் ஒட்டிட்டா சோலி முடிஞ்சுது" என்றாராம் பிளெக்ஸ்காரர்.

வெள்ளைக்காரியையும் விடவில்லை. "இந்தம்மாவுக்கு நான் வைத்தியம் பாக்கலியே" என்று அவள் வாய் மேலும் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டிவிட்டார். பின்னால் கொரோனா வந்தபோது, அப்போதே மாஸ்க் போட்டு போர்டு வைத்த முன்யோசனைக்காரி என்று ஊரில் பெயர் வாங்கினார். அந்தப் பெயரையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கு 'கொஞ்சம்' என்கிற சொல் மேல் அப்படி ஒரு பிரியம். எதைக் கேட்டாலும் அதைச் சேர்க்காமல் பதில் வராது. மேலகரத்தில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் பந்திக்குள் வந்து பெருமையாக, "பாயசம் எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார். "கொஞ்சம் நல்லாருக்கு" என்றார் இவர். அந்த மனிதர் அன்றைக்கு அந்த வரிசைப் பக்கம் திரும்பி வரவே இல்லை. ஒருமுறை ஆட்டோக்காரர், "உங்க வீட்டு சார் தங்கமான மனுஷன்னு பேசிக்கிடுதாவளே?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான். "கொஞ்சம்." வீட்டு சாரும் அப்போது ஆட்டோவில்தான் உட்கார்ந்திருந்தார்.

செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். அம்மா வழி கேரளம். அதனால் வாய் கொப்புளித்தது போதும் என்பதற்கு 'மதி' என்பார். "மதி, துப்புங்க." முதல் நாள் எனக்குப் புரியவில்லை. என் பெயர் மதி இல்லையே என்று வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விழித்தேன்.

நான் அங்கே போன கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் ராயகிரி. எங்கள் குடும்பத்தில் வயலுக்குப் போகாதவர்கள் போலீஸுக்கோ பட்டாளத்துக்கோ போவார்கள். நான் போலீஸுக்குப் போனேன். பட்டாளத்துக்குப் போனவரைக் கட்டிக்கொண்டு குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். அப்போது ஏட்டு. சீசன் வந்துவிட்டால் குற்றாலம் பேரருவியில், பெண்கள் குளிக்கிற பக்கம் எனக்கு டூட்டி.

அருவி டூட்டி என்றால் சும்மா வேடிக்கை பார்க்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்த ஒருத்தியும் தானாக வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. பின்னால் நிற்கிறவர்களுக்கு இடம் கொடுக்க அவர்களை விசிலடித்துக் கிளப்ப வேண்டும். மலையில் மழை பெய்து தண்ணீர் கூடினால் மொத்தப் பேரையும் நொடியில் வெளியேற்ற வேண்டும். ஒரு கையில் லத்தி இருக்கும். இன்னொரு கை, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து வழுக்குகிற ஏதாவது ஓர் அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். விசிலைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? முன்பல்லால் கடித்துக்கொண்டு ஊதுவதுதான். என் விசில் சத்தம் அருவி இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் என்று எனக்குப் பெயர் உண்டு.

அந்த வருஷம் சாரல் தொடங்கி, நல்ல கூட்டம். விசிலைக் கடித்து ஊதப் போனேன். மேல் முன்பல் இரண்டும் பின்னால் சாய்ந்தன. அதில் ஒன்று, கதவு கீலில் ஆடுவதைப் போல ஆடியது. விசில் நழுவி விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் 'ஓ' என்று சிரித்தார்கள். உதட்டைத் துடைத்தால் கையில் ரத்தம்.

பல் துலக்கும்போது ரத்தம் வருவது எனக்கு வருஷக்கணக்காகப் பழக்கம். எல்லாருக்கும் வரும் என்றே நினைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் நல்லவர். நல்லவராக இருந்ததால்தான் அதைச் சொன்னார். "ஏட்டம்மா, கஷ்டப்படாதீங்க. இந்த சீசன் முடியட்டும். அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் போட்டுட்டு உங்களை ஸ்டேஷனுக்குள்ள ரைட்டர் வேலையில வச்சுருதேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிடலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருஷம் முழுக்க நான் காத்திருப்பதே அந்தச் சாரலுக்காகத்தான். சட்டை நனைய, காது அடைக்க, ஆயிரம் பெண்களை அதட்டிக்கொண்டு அந்தப் பாறை மேல் நிற்கிற சுகம் ஃபேனுக்குக் கீழே கிடைக்குமா? பல் போனால் விசில் போகும்; விசில் போனால் அருவி போகும். அன்று சாயங்காலமே அந்த மாடிப்படி ஏறினேன்.

லேசர் பற்றி ராயகிரியில் இருக்கிற என் சித்திக்குக்கூடத் தெரிந்திருந்தது. 'ஒரு வெளிச்சம் அடிக்காவளாம், ஈறு கல்லு மாதிரி ஆயிருதாம்' என்று போனில் சொன்னாள். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. அவர் பட்டாளத்தில் இருந்தவர். "லேசர்ட்டி அது! ஆகாசத்துல போற பிளேனையே அறுத்துத் தள்ளிரும். ஒன் வாய்க்குள்ள வச்சா பின் மண்டை வழியால்லா வெளிய வரும்" என்று வழியனுப்பி வைத்தார்.

நாற்காலியில் சாய்ந்ததும் சொன்னேன். "டாக்டரம்மா, லேசர் அடிச்சு விட்டுருங்க. நாளைக்கு டூட்டி இருக்கு."

"லேசர் என்ன பெயிண்ட்டா, அடிச்சு விடுததுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையில் ஒரு கண்ணாடியையும் புது பிரஷ்ஷையும் கொடுத்தார். "முதல்ல நீங்க துலக்கிக் காட்டுங்க."

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, திருடனை விரட்டிப் பிடித்து, பதக்கம் வாங்கிய என்னைப் பார்த்துப் பல் துலக்கிக் காட்டச் சொல்கிறார்! யூனிபாரத்தோடு வேறு போயிருந்தேன். வேகமாகத் துலக்கிக் காட்டினேன்.

"ஏட்டம்மா, குற்றவாளிய விசாரிக்க மாதிரில்லா துலக்குதீய" என்றார். "பல்லை விட்டுட்டு, பல்லும் ஈறும் சேருத எடத்துல மெதுவா சுத்துங்க."

பிறகு கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒவ்வொன்றாக இறக்கி, தாயம் விழுந்ததைச் சொல்வது போல எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். மூணு, மூணு, நாலு, அஞ்சு. முன்பல்லுக்கு வந்தபோது ஏழு. தாயத்தில் பெரிய எண் விழுந்தால் நல்லது. இங்கே அப்படி இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"ஈறு பல்லை விட்டு விலகி பை மாதிரி ஆயிருக்கு. அந்தப் பைக்குள்ள அழுக்கு கல்லாக் கெடக்கு. அதான் எலும்பை அரிச்சுப் பல்லை ஆட்டுது. மரப்பு ஊசி போட்டு, உள்ள விட்டு, வேர் வரைக்கும் கையால சுரண்டி எடுக்கணும். அதுதான் வைத்தியம்."

"அப்ப லேசரு?"

"லேசர் கொஞ்சம் உதவும்."

"கொஞ்சம்னா எவ்வளவு டாக்டரம்மா?" போலீஸ்காரி கேள்வியை விட்டுவிடுவாளா?

அவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "கல்யாண வீட்டுப் பந்தியில எல்லாம் பரிமாறி முடிச்ச பெறவு, ஒரு மாமா வந்து எல்லாருக்கும் தண்ணி வச்சுட்டுப் போவாருல்லா? அந்த அளவு. அவரும் வேணும்தான். ஆனா சோத்தை வடிச்சது அவரு இல்ல."

"அப்ப சோறு வடிக்கது?"

"பாதி நான். பாதி நீங்க. தினம் ராத்திரி துலக்கணும். பல்லிடுக்குல விடுததுக்கு ஒரு குட்டி பிரஷ் தாரேன். அப்பறம் போற வழியில சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

சுகர் இருந்தது. என் ஈறு சொல்லித்தான் என் சர்க்கரை எனக்குத் தெரிய வந்தது.

லேசர் வேண்டும் என்று கேட்டு வந்து பிரஷ்ஷோடு திரும்பிப் போனவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. மேலகரத்துப் பெரிய வீட்டு அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கோயில் காரியம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. அவரையும் உட்கார வைத்துத் துலக்கச் சொல்லி, பல வாரம் சுரண்டிச் சுத்தம் செய்து, கடைசியில் பின்பக்கம் இரண்டே பல்லுக்கு மட்டும் லேசர் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். லேசர் வைக்கும்போது கண்ணுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு போட்டோ எடுத்து, 'லேசர் ஆபரேஷன் தியேட்டரில்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் அவர் வீட்டு முன்னால் கார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் ரொட்டிப் பாக்கெட்டுமாக உறவு முறை மொத்தமும் வந்து இறங்கிவிட்டது. அண்ணாச்சியும் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஈன சுரத்தில் பேசினார். மைனி ஒருத்தி திருநீறு பூசிவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் தங்கை பதற்றத்தில் டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்துவிட்டாள்.

"அண்ணனுக்கு எப்ப டாக்டர் நினைவு தெளியும்?"

"நினைவா? ஆபரேஷன்லாம் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல கொஞ்சம் சுத்தம் பண்ணினேன். பசிச்சா இட்லி குடுங்க, ஆறினதா."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஆப்பிள் கொண்டுவந்தவர்கள் அதை வைத்துவிட்டுப் போனார்களா, எடுத்துக்கொண்டு போனார்களா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கருத்து உண்டு. அப்புறம் ரொம்ப நாள் அவர் அந்த மாடிப் பக்கம் வரவில்லை. "டாக்டருக்குப் படிச்சவளுக்கு, நாலு பேர் முன்னால ஒரு மனுஷனைத் தூக்கி வைக்கத் தெரியல" என்று கடைத்தெருவில் சொன்னார்.

அப்படிக் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. சில நாள் நான் போகும்போது காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். இந்தப் பெண்ணுக்கு வாயில் ஒரு இனிப்பு வார்த்தை வந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். அவருக்கும் அது வலிக்காமல் இருந்திருக்காது. ஆனால் போர்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒன்றைக்கூட அவர் பிய்க்கவில்லை.

இவ்வளவு அளந்து பேசுகிற மனுஷி அளவில்லாமல் நடந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. அது அருவி.

சீசனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடுவார். தலை நிறைய எண்ணெயோடு தண்ணீருக்குள் நுழைந்தால் 'ஓ'வென்று ஒரு கூப்பாடு. அதில் கொஞ்சம் என்பதே கிடையாது, முழுசு. என் விசிலை மதிக்காதவர்கள் பட்டியல் போட்டால் முதல் பெயர் அவருடையதுதான். ஊதுவேன்; காது கேட்காதது போல் முதுகைக் காட்டுவார். லத்தியால் பாறையைத் தட்டுவேன். இன்னும் உள்ளே தள்ளிப் போவார். கடைசியில் கையைப் பிடித்து இழுத்தால், "இன்னும் கொஞ்சம் ஏட்டம்மா, கொஞ்சமே கொஞ்சம்" என்று கெஞ்சுவார். "மதி டாக்டரம்மா, மதி!" என்று அவர் வார்த்தையாலேயே அதட்டி வெளியே கொண்டுவருவேன். வாரத்தில் ஆறு நாள் நான் அவர் சொன்னதைக் கேட்டு வாயைத் திறக்க வேண்டும். ஏழாவது நாள் அவர் நான் சொன்னதைக் கேட்டு வெளியே வர வேண்டும். நான் கேட்ட அளவு அவர் கேட்டதில்லை.

என் வாயைப் பகுதி பகுதியாகச் சுத்தம் செய்தார். சுகர் மாத்திரை ஆரம்பித்தேன். ராத்திரி டூட்டி முடிந்து வந்தாலும் அந்தக் குட்டி பிரஷ்ஷை இடுக்கில் விடாமல் படுக்கவில்லை. துலக்கும்போது ரத்தம் நின்றது. கம்பி விட்டுப் பார்த்ததில் மற்ற பல்லெல்லாம் மூன்றுக்கு வந்துவிட்டன. அந்த முன்பல்லில் மட்டும் ஆழம் குறையாமல் நின்றது.

"இதுக்கு லேசர் வச்சுப் பாப்போம்" என்றார் ஒருநாள். என் வாழ்க்கையில் பிரமோஷன் உத்தரவு வந்த அன்றுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

கதவைச் சாத்தினார்கள். வெளியே சிவப்பு பல்பு எரிந்தது. அவருக்கும் எனக்கும் கறுப்புக் கண்ணாடி. மிஷின் எவ்வளவு பெரிதாக இருக்குமோ என்று பார்த்தால், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய். அதன் நுனியில் பொட்டாக ஒரு சிவப்பு வெளிச்சம். ஈறு ஓரமாக அதை உள்ளே விட்டு மெதுவாக நகர்த்தினார். இளஞ்சூடாக ஏதோ தெரிந்தது. திரி கருகின வாசனை கொஞ்சம் வந்தது. நான் இடி மின்னலை எதிர்பார்த்து நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுது. மதி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஏமாந்துட்டியளா?"

"கொஞ்சம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வைத்தியம் பார்த்தாலும், மேலே கொஞ்சம் அருவித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டால்தான் முழுசாகும் என்று நம்புவோம். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் கழுவி வருகிற தண்ணீர் இல்லையா? டாக்டரம்மா மெதுவான பிரஷ், காரமில்லாத சாப்பாடு, அந்த இடத்தை அலட்ட வேண்டாம் என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். அருவியில் வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லவில்லை. யாருக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும்? நான் மறுநாளே ஐந்தருவிக்குப் போய், பெண்கள் பக்கத்துக் கிளைக்குக் கீழே அண்ணாந்து நின்று, மேல் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, ஈறில் நேராக விழுகிற மாதிரி காட்டினேன். லேசர் பாதி, மூலிகை பாதி என்று கணக்கு.

அடுத்த நாள் உதடு வீங்கி, என் முகம் என் வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. பல் முன்னைவிட ஆடியது.

டாக்டரம்மா விசாரித்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"எந்த அருவி?"

"ஐந்தருவி."

"அங்கன தண்ணி கொஞ்சம் வேகம் ஜாஸ்தில்லா!" என்றார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் அந்த வீங்கின உதட்டோடு சிரித்தேன். பிறகு அவர் விரலை வைத்துப் பல்லை அழுத்திப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பக்கத்துப் பல்லு நின்னுரும். இது கொஞ்சம் சந்தேகந்தான் ஏட்டம்மா."

நான் நாற்காலியிலேயே அழ ஆரம்பித்தேன். பல்லுக்காக அழுதேன், அருவிக்காக அழுதேன். ரைட்டர் மேஜையும் ஃபேனும் கண் முன்னால் வந்தன. கோபமும் வந்தது.

"ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா டாக்டரம்மா? நின்னுரும்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிரும்? ஊர்ல மத்தவங்கள்லாம் சொல்லுதாங்கல்லா?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லலாம். எனக்கும் சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு. சொன்னா நீங்க சந்தோஷமா வீட்டுக்குப் போவீய. லேசர் பாத்துக்கிடும்னு நெனப்பீய. ரெண்டு நாள்ல அந்தக் குட்டி பிரஷ்ஷைத் தொலைச்சுருவீய. நான் கொஞ்சம்னு சொன்னாத்தான் மிச்சத்துக்கு உங்க கை வரும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அந்தப் பல்லு வேணும் ஏட்டம்மா. உங்க விசில் இல்லன்னா என்னை அருவியில இருந்து யாரு வெளிய இழுப்பா?"

அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வீக்கம் வற்றியது. பிறகு நான் பல் துலக்கியதை என் வீட்டுக்காரர் பூஜை என்றே சொல்வார். "அம்மா பூஜையில இருக்காவ, அப்புறம் பேசுங்க" என்று போன் பண்ணுகிறவர்களிடம் சொல்லிவிடுவார். சீசன் முடிந்தது. பனி வந்தது, வெயில் வந்தது. டாக்டரம்மா இடையில் ஒருமுறை மறுபடியும் சுத்தம் செய்து பார்த்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சம் தேவலை" என்பார். அதற்குமேல் ஒரு அரைச் சொல் வாங்க முடியாது. மேலகரத்து அண்ணாச்சியும் ஒருநாள் படியேறி வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பல்லு நல்லாத்தான் இருக்கு. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். அவர் சட்டைப் பையில் அதே குட்டி பிரஷ் எட்டிப் பார்த்தது.

அடுத்த சாரல் வந்தபோது இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி ஒரு வாரம் மட்டும் பேரருவி டூட்டி வாங்கினேன். சரிப்படவில்லையென்றால் நானே ரைட்டர் மேஜைக்குப் போய்விடுவதாகப் பேச்சு. முதல் சில நாள் விசிலைக் கையில் பிடித்து, உதட்டில் வைத்து ஊதிச் சமாளித்தேன். பல்லில் கொடுக்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல கூட்டம். டாக்டரம்மா வழக்கம்போல உள்ளே, நட்ட நடுவில், கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். மேலே மலை கறுத்திருந்தது. திடீரென்று அருவியின் சத்தம் மாறியது. அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. வருஷக்கணக்காக அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். தண்ணீர் செம்மண் கலந்து வந்தது. ஒரு மரக்கிளை முறிந்து வந்து பாறையில் மோதியது.

யோசிக்க நேரம் இல்லை. ஒரு கையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அதன் தாயை இழுத்தேன். விசிலைப் பல்லால் கடித்தேன். ஊதினேன். விடாமல், மூச்சு முட்ட, தொண்டை நரம்பு புடைக்க ஊதினேன். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அவர்கள் வெளியேறிய பிறகும், தண்ணீரின் நடுவே அந்த ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து, அதுவரை ஊதாத ஊது ஊதினேன்.

முதுகு திரும்பியது. என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் விசிலுக்குக் கட்டுப்பட்டு ஓடி வந்தார். அவர் தடுப்புக் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவும், அவர் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் பெருஞ்சுவராக இறங்கியது.

எல்லாரும் வெளியே வந்தாகிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா தலைமுடி முகத்தில் ஒட்டியிருக்க, குளிரில் பல் கிட்டிக்க, நேராக என்னிடம் வந்தார். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் தாடையைப் பிடித்தார்.

"வாயத் தொறங்க."

"டாக்டரம்மா, தண்ணி வருது! தள்ளிப் போங்க!"

"வரட்டும். தொறங்க மொதல்ல."

அத்தனை கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, யூனிபாரத்தில் நின்று வாயைத் திறந்தேன். நனைந்த விரலை அந்தப் பல்லில் வைத்து முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்ததா, அருவித் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்லா நிக்கு ஏட்டம்மா" என்றார்.

கொஞ்சம் என்ற வார்த்தை பின்னால் வரும் என்று வாயைத் திறந்தபடியே காத்திருந்தேன். வரவில்லை.